பாங்காங் ஏரிக்கு மேல் எழுந்த மஞ்சள் ஒளி: லடாக் 2012–13, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, கிழக்கு லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலுக்கு நின்ற இந்தியப் படையினர், அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களை 329 முறை பார்த்ததாகப் பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அந்தப் பொருள் அசல் கட்டுப்பாட்டுக் கோட்டை (இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான நடைமுறை எல்லையை) தாண்டி இந்திய வான்வெளிக்குள் வந்ததாகவும் எழுதப்பட்டது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் தாகுங் முகாமிலிருந்து போன அறிக்கைகளும் இதில் அடங்கும். விவரிப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து மஞ்சள் நிற உருண்டை ஒன்று எழும், மெதுவாக வானத்தைக் கடக்கும், மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு மறையும். சத்தம் இல்லை. படையினர் மனதில் முதலில் எழுந்த சந்தேகம் சீன உளவு டிரோன்.

இது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் சொன்ன கதை அல்ல. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற காவலர்கள். பார்த்ததைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி வைத்தவர்கள். விடை கிடைத்ததற்கே அந்தப் பதிவேடுதான் காரணம். பறக்கும் தட்டு பற்றிய புகார்களை ஆராய விரும்பும் எவரும் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. பிரபலமான அமெரிக்க நிகழ்வுகள் பலவற்றில் இவ்வளவு சுத்தமான தரவு இல்லை.

இடம்

பாங்காங் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 134 கி.மீ.; பெரும்பகுதி சீனக் கட்டுப்பாட்டில். அட்சரேகை வடக்கு 33.7 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 78.6 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். இந்திய நேரம் 82.5 பாகைக்குக் கணக்கிடப்படுவதால், அங்கே உள்ளூர்ச் சூரிய நேரம் கடிகாரத்தைவிடச் சுமார் 16 நிமிடம் பின்தங்கும். இதை மறந்து கணக்குப் போட்டால் ஒவ்வொரு உதயமும் கால் மணி நேரம் பிசகும்.

உயரத்தின் விளைவு இன்னும் முக்கியம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தூசியும் ஈரமும் மிகக் குறைவு. தொடுவானத்துக்கு மேல் 10 பாகையில் இருக்கும் ஒரு விண்பொருளின் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வரும் ஒளியைப்போல ஐந்தரை மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். சமவெளியில் இந்தப் பாதையில் ஒன்றரை ஒளியளவு வரை தொலைந்துபோகும் (ஒளியளவு என்பது விண்பொருளின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). லடாக் உயரத்தில் அதில் பாதிதான் தொலையும். அதாவது, தாழ்வான வானத்தில் அதே கிரகம் சென்னையில் தெரிவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். சமவெளியிலிருந்து பணிக்கு வந்த ஒருவர் வாழ்நாளெல்லாம் பார்த்த விடிவெள்ளியை அங்கே அடையாளம் காணத் தவறினால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

முதலில் போன கருவிகள்

2012 செப்டம்பரில் ஏரிக்கு அருகே ஒரு மலைமேல் நடமாடும் ரேடாரும் அலைக்கற்றைப் பகுப்பாய்வுக் கருவியும் கொண்டுபோய் வைக்கப்பட்டதாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. கண்ணுக்குப் பொருள் தெரிந்தது, ரேடார் திரையில் எதுவும் இல்லை. பகுப்பாய்வுக் கருவியும் எந்த வானொலி உமிழ்வையும் பிடிக்கவில்லை. ஒளியை நோக்கி ஒரு டிரோன் அனுப்பப்பட்டது. அது தன் உச்ச உயரத்தை எட்டியும் பொருளை நெருங்க முடியவில்லை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வும் இது என்னவென்று சொல்ல முடியவில்லை என்று அந்த நவம்பரில் செய்தி வந்தது. ஏரிக்குத் தெற்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ள ஹன்லே வானாய்வகத்திலிருந்து வந்த குழு மூன்று நாள் பார்த்துவிட்டு, இவை விண்பொருள்கள் அல்ல என்று கருதியதாகவும் அதே செய்திகளில் இருந்தது.

இந்தக் கட்டத்தில் நடந்த தர்க்கப் பிழைதான் இத்தகைய விசாரணைகளில் மிக அதிகம் நிகழ்வது. ரேடாரில் விழவில்லை, ஆகவே அது உலோகம் அல்ல என்று எழுதினார்கள். ரேடாரில் விழாததற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு: பொருள் எட்டும் தூரத்துக்கு வெளியே இருக்கலாம், மலைச்சரிவுகளிலிருந்து வரும் எதிரொலியில் மறைந்திருக்கலாம், பரப்பு மிகச் சிறிதாக இருக்கலாம், மிக மெதுவாக நகரும் இலக்கைக் கருவியே வடிகட்டி நீக்கியிருக்கலாம். உலோகமா இல்லையா என்பதைப் பற்றி இந்த மௌனம் எதுவும் சொல்லாது. பின்னால் பார்க்கப்போவதுபோல் அந்தப் பொருள் வியாழன் கிரகம் என்றால், எதிர்நிலையில் (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிரே) இருந்தபோதுகூட அது சுமார் 61 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. நடமாடும் ரேடாரின் கணக்கில் அது இல்லவே இல்லை.

அனுப்பிய டிரோன் பொருளை நெருங்காததும் நல்ல சான்று. துரத்தியும் இடைவெளி குறையவில்லை என்றால், பொருள் விலகி ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் துரத்திய தூரம் அற்பமாகும் அளவுக்கு அது தொலைவில் இருக்க வேண்டும். ஓடும் பேருந்தோடு நிலா கூடவே வருவதுபோல் தோன்றுவது இரண்டாவது வகை. திசைக்கோணத்தை ஒவ்வொரு நிமிடமும் குறித்திருந்தால் அன்றைக்கே இரண்டையும் பிரித்திருக்கலாம்.

கேட்ட தரவு

பிறகு பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் பொறுப்பு வந்தது. ஹன்லே மட்டுமல்ல, கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் காவலூர் வைணு பாப்பு ஆய்வகமும் இதே நிறுவனத்தைச் சேர்ந்தவை. இது விண்ணில் உள்ள பொருளா, மண்ணிலிருந்து எழுந்ததா என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் விடை தேடினார்கள். பார்த்த நேரம், இடம், பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்ட நகர்வு ஆகியவை பதிவானதும் விடை வந்தது: மாலையில் எழுந்தது வியாழன், அதிகாலையில் எழுந்தது வெள்ளி. 2013 ஜூலையில் இது பத்திரிகைகளில் வெளியானது.

நட்சத்திரங்களோடு ஒப்பிடுவது ஏன் இவ்வளவு முக்கியம்? பூமி சுழல்வதால் வானம் முழுவதும் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்கிறது. ஒரு விமானமோ டிரோனோ நட்சத்திரங்களுக்கு நடுவே நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறும். கிரகம் ஓர் இரவு முழுவதும் அதே நட்சத்திரத்தின் அருகிலேயே இருந்து, அதனோடு சேர்ந்தே நகரும். "பொருள் மெதுவாக மேற்கே போகிறது" என்ற வாக்கியத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. "பொருளும் ரோகிணியும் ஒரே இடைவெளியில் சேர்ந்து போகின்றன" என்ற வாக்கியம் பிரித்துவிடும்.

கணக்கை நாமே போட்டுப் பார்த்தால்

கிரக நிலைகள் பல நூற்றாண்டுக்கு முன்னும் பின்னும் துல்லியமாகத் தெரிந்தவை என்பதால், முடிவை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கீழே உள்ள நேரங்கள் தட்டையான தொடுவானத்துக்கானவை, இந்திய நேரத்தில்.

வியாழன் 2012 டிசம்பர் 3 அன்று எதிர்நிலையில், ரிஷப ராசியில், ரோகிணிக்கு வடக்கே சுமார் 5 பாகை தள்ளி இருந்தது. ஒளியளவு −2.8; ரோகிணியைவிட ஏறத்தாழ 30 மடங்கு பிரகாசம். ஆகஸ்ட் தொடக்கத்தில் அது நள்ளிரவு தாண்டி 1 மணிவாக்கில்தான் எழுந்தது. அக்டோபர் நடுவில் இரவு 8.40. நவம்பர் 20ஐ ஒட்டி மாலை 6 மணி. செய்திகளில் வந்த "மாலை 6 மணிப் பொருள்" இங்கே பொருந்துகிறது. எழும் திசை வடக்கிலிருந்து 64 பாகை, அதாவது கிழக்கு-வடகிழக்கு. தாகுங்கிலிருந்து பார்த்தால் ஏரியின் சீனப் பகுதி நீளும் பக்கம்.

இன்னொரு எண் இதைவிடச் சுவையானது. அந்த அட்சரேகையில் அன்றைய வியாழன் அதிகபட்சமாக 78 பாகை உயரம் ஏறும், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். கிழக்கே சீனப் பக்கத்தில் முளைத்த ஒளி ஏழு மணி நேரத்தில் தலைக்கு மேல் வந்து, பிறகு மேற்கே இந்தியப் பக்கம் இறங்குகிறது. தூரம் தெரியாத பார்வையாளர் இதைக் காகிதத்தில் எழுதினால் "எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது" என்றுதான் எழுதுவார். பிப்ரவரியிலோ அந்தி சாயும்போதே வியாழன் ஏறக்குறைய உச்சியில் நின்றது. ஊடுருவல் என்று எண்ணப்பட்ட பதிவுகளின் உள்ளடக்கம் இப்படித்தான் உருவாகியிருக்க முடியும்.

வெள்ளியின் பாதை வேறு விதம். 2012 ஜூன் 6 அன்று சூரியனைக் கடந்துபோன பிறகு அது காலை வானத்துக்கு வந்தது. ஆகஸ்ட் 15 அன்று சூரியனிலிருந்து 46 பாகை மேற்கே, மிக அதிக விலகலில் நின்றது. அப்போது ஒளியளவு −4.3ஐ ஒட்டி, வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல். ஆகஸ்ட் நடுவில் எழும் நேரம் அதிகாலை 2.10, சூரிய உதயம் 5.40. இடையில் மூன்றரை மணி நேரம். மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் மறைந்தது என்ற விவரிப்புக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. அக்டோபர் நடுவில் 3.20, நவம்பர் நடுவில் 4.10. நடுவே மலைமுகடு இருந்தால் நேரம் தள்ளிப்போகும்: அங்கே கிழக்கே எழும் பொருள் மணிக்குச் சுமார் 12.5 பாகை உயர்கிறது, ஆகவே 8 பாகை உயர முகடு 40 நிமிடம் தாமதப்படுத்தும். அக்டோபரின் 3.20 இப்படி 4 மணியாகிறது.

வெள்ளி எழும் திசையும் மாதாமாதம் மாறியது. ஆகஸ்டில் 66 பாகை, அக்டோபரில் 81, நவம்பரில் 98, ஜனவரி தொடக்கத்தில் 117. அதே காலத்தில் வியாழன் எழும் இடம் அசையவே இல்லை. ஒரு பொருள் ஒரே இடத்திலிருந்தும், இன்னொன்று வாரந்தோறும் தெற்கே நகர்ந்தும் எழுவதை ஓர் உளவுத் திட்டமாக விளக்க மிகவும் சிரமப்பட வேண்டும். அக்டோபர் 3 விடியற்காலையில் வெள்ளி மக நட்சத்திரத்தை ஏறக்குறைய உரசி நின்றது. அன்றைய பதிவில் "அருகே ஒரு சிறு ஒளி" என்று யாராவது எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே வழக்கை முடித்திருக்கும். 2013 மார்ச் 28 அன்று வெள்ளி சூரியனுக்குப் பின்னால் போனது. பிப்ரவரியிலேயே அது விடியல் வெளிச்சத்தில் கரைந்திருந்தது. பதிவுகள் பிப்ரவரியோடு முடிவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

329 என்ற எண் பலரை மிரட்டியது. ஏழு மாதம் என்றால் இருநூறுக்கு மேற்பட்ட இரவுகள். ஒவ்வொரு இரவிலும் இரண்டு பிரகாசமான கிரகங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முகாம்கள். மேகமற்ற இரவுகளை மட்டும் எண்ணினாலும் 329 பதிவு எளிதில் சேர்ந்துவிடும். அது பார்வைகளின் எண்ணிக்கை, பொருள்களின் எண்ணிக்கை அல்ல.

உருண்டையாக ஏன் தெரிந்தது

எதிர்நிலை வியாழனின் தோற்ற விட்டம் 48 விநாடிக்கோணம் (ஒரு பாகையில் 3,600 விநாடிக்கோணம்), ஆகஸ்ட் வெள்ளிக்கு அதில் பாதி. கண்ணின் பிரித்தறியும் எல்லை சுமார் 60. எனவே இரண்டும் வெறும் கண்ணுக்குப் புள்ளிகள்தான். ஆனால் கருமையான பின்னணியில் மிகப் பிரகாசமான புள்ளி கண்ணுக்குள்ளேயே சிதறி உருண்டையாகப் பரவும். தொடுவானத்தருகே காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் மஞ்சள் சாயல் வரும். கேமரா படங்கள் இன்னும் மோசம்: தானியங்கிக் குவியம் இருட்டில் தடுமாறி, குவியம் தப்பிய புள்ளியை வட்டத் தட்டாக விரிக்கும். அந்த வட்டத்தின் ஓரமும் உள்கோடுகளும் லென்ஸின் உறுப்புகளுடையவை, பொருளுடையவை அல்ல.

இருட்டில் தனித்த ஒளியை உற்றுப் பார்த்தால் அது அசைவதாகத் தோன்றும்; இது எல்லாக் கண்களுக்கும் பொதுவான மாயம். முகட்டின் விளிம்பையோ கம்பியையோ ஒளியோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அசைவு நின்றுவிடும். சாட்சி "அங்குமிங்கும் ஆடியது" என்றால், அருகே நிலையான பொருள் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

காலச்சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லையில் டிரோன் நடமாட்டம் உண்மையாகவே அதிகரித்திருந்த வருடங்கள் அவை. 2013 ஏப்ரலில் லடாக்கின் டெப்சாங்கில் மூன்று வாரம் இரு படைகளும் எதிரெதிரே கூடாரமடித்து நின்றன. அந்த இடத்தில் ஒரு காவலர் சந்தேகமான ஒளியைப் பதிவு செய்யாமல் விடுவதுதான் தவறு. பதிவு செய்தது சரி. அந்தப் பதிவை நீண்ட காலம் வானியல் அட்டவணையோடு யாரும் ஒப்பிடாமல் இருந்ததுதான் குறை.

இதே வேலையைச் செய்ய

சாட்சியிடம் முதலில் குறுக்கிடாமல் சொல்ல விடவும். பலர் பார்த்திருந்தால் தனித்தனியாக. "டிரோன் மாதிரி இருந்ததா?" என்ற கேள்வி வாயிலிருந்து வரவே கூடாது, அதன்பின் கிடைக்கும் விவரம் அனைத்தும் டிரோனாக மாறிவிடும். பிறகு அதே இடத்துக்கு, முடிந்தால் அதே மணிக்கு, கூட்டிப்போய் நிற்க வைத்து விரலால் காட்டச் சொல்லவும். காட்டிய திசையைத் திசைகாட்டியால் அளக்கவும். இரும்பு வேலி, வண்டி, துப்பாக்கி ஆகியவற்றிலிருந்து சில மீட்டர் விலகி நின்று அளக்காவிட்டால் பத்து பாகைகூடத் தப்பும். உயரத்துக்குத் தியோடலைட் என்ற கோணமானி இல்லையென்றால், நீட்டிய கையின் மூடிய முட்டி 10 பாகை, சுண்டுவிரல் அகலம் 1 பாகை. "ஏறத்தாழ 45 பாகை" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மனிதர்கள் உயரத்தை எப்போதும் கூட்டியே சொல்வார்கள், 25 பாகை பெரும்பாலும் 45 ஆகிவிடும்.

நேரம் சாட்சியின் கைக்கடிகாரத்திலிருந்து வந்தால் அந்தக் கடிகாரத்தை அன்றே கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதவும்.

அடுத்து, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதை வைத்துச் சலிக்கவும். இந்தச் சல்லடை மற்ற எல்லாவற்றையும்விட வேகமானது. விண்கல் சில விநாடி. சர்வதேச விண்வெளி நிலையம் அதிகபட்சம் ஆறேழு நிமிடம். காகித வான்விளக்கு பத்து நிமிடத்துக்குள் அணையும், காற்றின் திசையில்தான் போகும். விமானம் சில நிமிடம். மணிக்கணக்கில் நின்றால் கிரகம், நட்சத்திரம், பலூன், தரையில் மலைமேல் எரியும் விளக்கு ஆகியவைதான் மிச்சம். மலை விளக்கு நட்சத்திரங்களோடு நகராது. பலூன் சூரிய ஒளி படும் வரைதான் ஒளிரும், நள்ளிரவில் தெரியாது.

மிச்சத்தை ஸ்டெல்லேரியம் போன்ற கோளரங்க மென்பொருளில் இடம், உயரம், தேதி, நேரம் கொடுத்துச் சோதிக்கவும். நேர மண்டலத்தைச் சரிபார்க்காமல் விடுவதும், தேதியில் நள்ளிரவு தாண்டியதை மறப்பதும் இங்கே வழக்கமாக நேரும் பிழைகள். ஒரு விண்பொருளின் கோணம் 3 பாகைக்குள் பொருந்தினால் அதுவே விடையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பொருத்தத்தோடு நிறுத்தக் கூடாது. முன்கூட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். "நாளை இரவு நேற்றைவிட 8 நிமிடம் முன்னதாக அந்த இரட்டை முகட்டின் இடப்பக்கம் முளைக்கும்" என்று எழுதிக் கொடுத்து, சாட்சிகளையே பார்க்கச் சொல்லவும். அவர்கள் கண்ணால் கண்டு ஏற்பதற்கு ஈடான அறிக்கை எதுவும் இல்லை. கையில் 10×50 பைனாகுலர் இருந்தால் அதைச் சுவரில் அசையாமல் பதித்து வியாழனைப் பார்க்கச் சொல்லலாம். பக்கத்தில் வரிசையாக நிற்கும் நிலவுகள் தெரியும். 30 மடங்கு பெரிதாக்கும் சிறு தொலைநோக்கி இருந்தால் ஆகஸ்ட் வெள்ளி அரைநிலா வடிவில் தெரிந்திருக்கும்.

டிரோன் சந்தேகம் உண்மையாகவே வலுவாக இருந்தால் இரண்டு முகாம்களிலிருந்து ஒரே விநாடியில் அளப்பதுதான் தீர்வு. பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே முகாம்களுக்கு நடுவே 10 கி.மீ. இருக்கட்டும். பொருள் 20 கி.மீ. தொலைவில் இருந்தால் இரு திசைக்கோணங்களும் சுமார் 27 பாகை வேறுபடும், 50 கி.மீ. என்றால் 11 பாகை. கிரகமென்றால் வேறுபாடு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, கைக்கருவியால் அளக்கவே முடியாது. செலவில்லாத சோதனை, இரு முனையிலும் வானொலித் தொடர்பும் ஒத்த கடிகாரமும் போதும்.

கோப்பை மூடும் முறை

ஒவ்வொரு பதிவையும் தனியாகத் தரப்படுத்த வேண்டும், மொத்தமாக அல்ல. பிரெஞ்சு விண்வெளி அமைப்பின் கெய்பான் பிரிவு பயன்படுத்தும் நான்கு தரங்கள் நல்ல முன்மாதிரி: உறுதியாக அடையாளம் கண்டது, பெரும்பாலும் கண்டது, தரவு போதாதது, நல்ல தரவு இருந்தும் விளங்காதது. மூன்றாவதையும் நான்காவதையும் கலப்பதால்தான் பறக்கும் தட்டு இலக்கியத்தில் பெரும் குழப்பம். அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டம் 12,618 அறிக்கைகளில் 701ஐ விளங்காதவை என விட்டது. அந்த 701ஐ ஒரே இனமாக எண்ணி மேற்கோள் காட்டுவோர் உள்ளே எத்தனை அறிக்கை வெறும் தரவுப் பஞ்சம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

லடாக் கோப்பில் தேதி, நேரம், திசை மூன்றும் உள்ள பதிவுகள் முதல் தரம். நேரமும் "கிழக்கே" என்பதும் மட்டும் உள்ளவை இரண்டாம் தரம். தேதி மட்டும் உள்ளவை, அன்று வியாழன் வானில் இருந்தாலும், மூன்றாம் தரத்துக்குத்தான் போக வேண்டும். வானம் முழுக்க மேகம் மூடிய இரவில் எழுதப்பட்ட பதிவு ஏதாவது இருந்தால் கிரக விளக்கத்தை அதற்கு ஒட்டவே கூடாது. அதைத் தனியாக எடுத்து, அன்றைய விமான அட்டவணை, காற்றின் திசை, எதிர்ப்பக்க முகாம் விளக்குகள் ஆகியவற்றோடு புதிதாகத் தொடங்க வேண்டும்.